வங்கிப் பணப்பட்டுவாடாக் கோப்பு: சரிபார்ப்பும் வடிவ மாற்றமும்

பலருடைய வங்கிக் கணக்குகளுக்கு ஒரே சமயத்தில் பணம் செலுத்தும்படி ஒரு நிறுவனமோ அரசு அலுவலகமோ தன் வங்கிக்கு அனுப்பும் கணினிப் பட்டியல் பணப்பட்டுவாடாக் கோப்பு எனப்படும். அந்தக் கோப்பில் உள்ள பிழைகளைக் கண்டறிந்து, வங்கி கேட்கும் அமைப்புக்கு அதை மாற்றித் தரும் நிரல்களே பணப்பட்டுவாடாக் கோப்புச் சரிபார்ப்பு மென்பொருள்கள். சம்பளம், ஓய்வூதியம், கல்வி உதவித்தொகை, எரிவாயு மானியம், பங்கு ஈவுத்தொகை ஆகியவை பெரும்பாலும் இவ்வழியாகவே நம் கணக்குக்கு வருகின்றன. பெறுபவர் கண்ணில் படுவது ஒரு குறுஞ்செய்தி மட்டுமே. அதற்கு முன் அந்தத் தொகை ஒரு கோப்பில் ஒரு வரியாக இருந்தது என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை.

இந்த மென்பொருள்கள் எவ்வளவு வேகமாக வேலை செய்கின்றன என்பதை அவற்றை விற்பவர்களே சொல்லிவிடுவார்கள். எந்தப் பிழையை அவை பிடிக்கும், எந்தப் பிழை அவற்றின் கண்ணில் படாமல் போய்விடும் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. இக்கட்டுரை அதைத்தான் விளக்குகிறது.

கோப்பின் உள்ளே

மாங்காட்டில் 200 பேர் வேலை செய்யும் ஒரு சிறு தொழிற்கூடத்தை எடுத்துக்கொள்வோம். அம்பத்தூர், திருப்பெரும்புதூர் பகுதிகளின் பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் இடம். உள்ளூர்க்காரர் சிலருக்கு அருகிலுள்ள வங்கிக் கிளைகளில் கணக்கு இருக்கும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்கு அவரவர் ஊர்க் கிளையில் கணக்கு இருக்கும். இத்தனை பேருக்கும் மாதச் சம்பளம் போக வேண்டும். கணக்கர் எக்செல் தாளில் ஒரு பட்டியல் தயாரிக்கிறார். பெயர், கணக்கு எண், கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீடு, தொகை, தேதி ஆகியவை அதில் உள்ளன. டேலி போன்ற கணக்கு மென்பொருள்களே நேரடியாக இந்தக் கோப்பை உருவாக்கித் தருவதும் உண்டு.

அந்தத் தாளை அப்படியே வங்கியின் கணினி ஏற்காது. ஒவ்வொரு வங்கியும் தனக்கென ஓர் அமைப்பு வைத்திருக்கிறது. சில வங்கிகள் காற்புள்ளியால் பிரித்த வரிகளைக் கேட்கும். சில வங்கிகள் நிலையான அகல அமைப்பைக் கேட்கும். அதாவது ஒவ்வொரு தகவலுக்கும் இத்தனை இடம் என்று அளந்து விடப்பட்டிருக்கும். பெயருக்கு 40 இடம் என்றால், பெயர் பத்தெழுத்தாக இருந்தாலும் மீதி 30 இடத்தை வெற்றிடத்தால் நிரப்ப வேண்டும். ஓர் இடம் நகர்ந்தால் அதற்குப் பின்னுள்ள எல்லாம் நகர்ந்துவிடும், தொகையின் முதல் இலக்கம் பெயரின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது வகை எக்ஸ்எம்எல். ஒவ்வொரு தகவலும் தனக்குரிய பெயர்ச்சீட்டோடு வரும். நீளம் கூடினாலும் இடம் மாறும் பயம் இல்லை.

காந்த மையிலிருந்து நாச் வரை

1980களில் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா ஆகிய நகரங்களில் காந்த மையால் அச்சிட்ட காசோலைகளை இயந்திரமே படித்துப் பிரிக்கும் முறை வந்தது. காசோலையின் அடியில் இன்றும் காணும் 9 இலக்க எம்ஐசிஆர் எண் அந்தக் காலத்தது. அதன் முதல் 3 இலக்கங்கள் நகரத்தையும், அடுத்த 3 வங்கியையும், கடைசி 3 கிளையையும் குறிக்கும். நகர எண் அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று இலக்கங்களிலிருந்து எடுக்கப்பட்டதால் சென்னைக்கு 600 வந்தது.

1990களில் ரிசர்வ் வங்கி மின்னணுத் தீர்வுச் சேவை என்ற இசிஎஸ் முறையைக் கொண்டுவந்தது. சம்பளம், வட்டி, ஈவுத்தொகை போன்று திரும்பத் திரும்ப வரும் பட்டுவாடாக்களுக்கு ஆயிரக்கணக்கில் காசோலை எழுதும் வேலை அதனால் மறைந்தது. கோப்பைக் காந்தத் தட்டில் பதிந்து தீர்வகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கோப்பைச் சரிபார்க்கும் நிரல்களின் தேவையும் அப்போதே தொடங்கியது. ஒரு தட்டில் ஒரு வரி தவறாக இருந்தால் அதைத் திருத்தி மறுபடி எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததே!

2005 நவம்பரில் நெஃப்ட் வந்தது. 2008இல் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் (என்பிசிஐ) தொடங்கப்பட்டது. அது நடத்தும் தேசிய தானியங்கித் தீர்வகம், சுருக்கமாக நாச், படிப்படியாக இசிஎஸ்ஸின் இடத்தைப் பிடித்தது. 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் ஞாயிறு, பண்டிகை நாள்களிலும் இயங்குகிறது. ஒன்றாம் தேதி விடுமுறையானால் சம்பளம் தள்ளிப்போகும் என்ற பழைய கவலை அதோடு தீர்ந்தது. நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதல் நாள் முழுவதும், அரை மணிக்கு ஒரு தொகுதியாக, இயங்குகிறது.

மென்பொருள் பிடிக்கும் பிழைகள்

இந்தியாவில் வங்கிக் கணக்கு எண்ணுக்குப் பொது நீளம் கிடையாது. பாரத ஸ்டேட் வங்கியில் 11 இலக்கம், ஐசிஐசிஐ வங்கியில் 12, எச்டிஎஃப்சி வங்கியில் 14, இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில் 15, பஞ்சாப் நேஷனல் வங்கியில் 16. ஆகவே மென்பொருள் முதலில் ஐஎஃப்எஸ்சி குறியீட்டின் முதல் நான்கு எழுத்துகளைப் படித்து எந்த வங்கி என்று அறிந்துகொள்கிறது. பிறகு அந்த வங்கிக்குரிய நீளத்தில் எண் இருக்கிறதா என்று பார்க்கிறது. ஓர் இலக்கம் விட்டுப்போயிருந்தால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

இலக்கம் விட்டுப்போவதற்குத் தட்டச்சுப் பிழையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. பெரும்பாலும் எக்செல்தான் காரணம். கணக்கு எண் என்பது பார்வைக்கு எண்ணாக இருக்கும் ஒரு பெயர். அதைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை. எக்செல்லுக்கு இது தெரியாது. முன்னால் பூஜ்யம் இருந்தால் மதிப்பில்லை என்று நீக்கிவிடும். பூஜ்யத்தில் தொடங்கும் ஐசிஐசிஐ வங்கி எண்கள் இப்படி அடிக்கடி தலையிழந்து வரும். 15 இலக்கம் வரைதான் அது துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க எண்ணை எண்ணாகத் தட்டினால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். நீளம் சரியாக இருப்பதால் நீளச் சோதனையும் அதைக் கண்டுகொள்ளாது. எண் நீண்டிருந்தால் 1.23401இ+14 என்பதுபோல் சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் காற்புள்ளிக் கோப்பாகச் சேமித்தால் பின் இலக்கங்கள் போயே போய்விடும், மறுபடி திறந்து அகலப்படுத்தினாலும் வராது. அந்தக் கட்டங்களை, தட்டுவதற்கு முன்பே, எழுத்து வகை என்று மாற்றிக்கொள்வதே மருந்து.

இதே குணம் உயிரியல் ஆய்வாளர்களையும் படுத்தியிருக்கிறது. மார்ச்1, செப்ட்1 என்ற சுருக்கப் பெயருள்ள மனித மரபணுக்களை எக்செல் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மரபணுப் பெயர்களை வகுக்கும் குழு 2020இல் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. வங்கிகளால் அப்படி எண்களை மாற்ற முடியாதே.

ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 எழுத்துகள் உண்டு. முதல் நான்கு வங்கியைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள். ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். கடைசி ஆறு கிளை. பாரத ஸ்டேட் வங்கியின் சென்னை முதன்மைக் கிளைக்கு எஸ்பிஐஎன்0000800. ஐந்தாவது இடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் ஓ என்ற ஆங்கில எழுத்தைத் தட்டுவது மிகவும் பரவலான பிழை. எளிதில் பிடிபடக்கூடியதும் அதுவே. ஆனால் சோதனை எழுதும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைசி ஆறும் இலக்கங்களாகவே இருக்கும் என்று எண்ணி நிரல் எழுதினால், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியின் குறியீடுகளை அது தள்ளிவிடும். அந்த வங்கி கிளைப்பெயரின் முதல் எழுத்தைக் கிளைக் குறியீட்டுக்குள் வைத்திருக்கிறது. தேவைக்கு மேல் கண்டிப்பான சோதனையும் ஒரு பிழைதான். நல்ல வரியை நிறுத்தி ஒருவரின் சம்பளத்தைத் தாமதப்படுத்தும்.

அமைப்பு சரியாக இருந்தால் மட்டும் போதாது, அந்தக் கிளை உண்மையில் இருக்கவும் வேண்டும். ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் ஐஎஃப்எஸ்சி பட்டியலை வெளியிடுகிறது. ரேஸர்பே நிறுவனம் அதைத் திறமூலத் தரவாகவும் தந்திருக்கிறது. மென்பொருள்கள் இத்தகைய பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன. பட்டியல் பழையதாக இருந்தால் சோதனையும் பழையதாகிவிடும் என்பதை வங்கி இணைப்புகள் காட்டின. 2020 ஏப்ரல் 1 அன்று சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் இணைந்தன. 2021 ஜூலை 1 முதல் எஸ்ஒய்என்பி எனத் தொடங்கும் சிண்டிகேட் குறியீடுகள் செல்லாதவை ஆயின. அவற்றை மாற்றுவது எளிதாக இருந்தது: எழுத்துகளை சிஎன்ஆர்பி என்றாக்கி, கிளை எண்ணோடு 10,000 கூட்டினால் போதும். 0003687 என்பது 0013687 ஆகும். அலகாபாத் வங்கிக் கிளைகளுக்கு இந்தியன் வங்கியின் எழுத்து கலந்த குறியீடுகள் வந்ததால் அப்படி ஒரு சூத்திரம் உதவவில்லை. கிளைக்குக் கிளை பழையது இது, புதியது இது என்ற அட்டவணையே வேண்டியிருந்தது. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தபோது தமிழ்நாட்டு நிறுவனங்கள் பலவும் தம் பட்டியல்களைத் தூசி தட்ட நேர்ந்தது.

தொகையில் வரும் பிழை இன்னும் ஆபத்தானது. நிலையான அகல அமைப்புகளில் தொகையைப் புள்ளியில்லாமல் பைசாவில் எழுதுவது வழக்கம். 12,500 ரூபாயை 13 இடத்தில் எழுதினால் 0000001250000 என்று வரும். பைசாவாக்க மறந்து 0000000012500 என்று எழுதினால் போய்ச் சேர்வது 125 ரூபாய். கோப்பின் அமைப்பில் எந்தக் குற்றமும் இருக்காது. காற்புள்ளிக் கோப்பிலோ நம் இந்திய எண்முறையே வினையாகும். 1,25,000 என்று அழகாக எழுதினால் கணினி அதை மூன்று கட்டங்களாகப் பிரித்துவிடும்.

தேதியும் அப்படித்தான். 03/04/2025 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க அமைப்பில் இயங்கும் கணினிக்கு மார்ச் 4. மாதத்தின் 12ஆம் தேதிக்குப் பிறகு இந்தக் குழப்பம் தானாகவே வெளிப்பட்டுவிடும். முதல் பன்னிரண்டு நாள்களில்தான் ஒளிந்துகொள்ளும்.

பெயர்களில் வரும் சிக்கல் தமிழ் வாசகருக்குச் சற்று சுவையானது. பெரும்பாலான வங்கி அமைப்புகள் ஆங்கில எழுத்துகளை மட்டுமே எதிர்பார்க்கின்றன. பெயரைத் தமிழில் எழுதிவிட்டால் என்ன ஆகும்? செல்வி என்ற பெயர் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிக்கோடு கணக்கில் ச, அதன் கொம்பு, ல, புள்ளி, வ, அதன் கொக்கி என ஆறு குறிகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டு, ஆக 18 பைட்டு. எழுத்தை எண்ணி 40 இடம் ஒதுக்கும் நிரலும் பைட்டை எண்ணிப் படிக்கும் நிரலும் சந்தித்தால் அந்த வரி முழுவதும் குலைந்துபோகும். எனவே மாற்று மென்பொருள்கள் முதல் வேலையாகப் பெயர்க் கட்டத்தில் ஆங்கில எழுத்து, இலக்கம், வெற்றிடம் தவிர வேறு ஏதேனும் இருக்கிறதா என்று பார்க்கின்றன.

வரிகளைத் தனித்தனியே பார்த்த பின் மொத்தத்தைப் பார்க்க வேண்டும். கோப்பின் தலைப்பு வரியிலோ கடைசி வரியிலோ இத்தனை வரிகள், மொத்தம் இவ்வளவு தொகை என்று எழுதியிருக்கும். மென்பொருள் தானே எண்ணிக் கூட்டி ஒப்பிடும். அமெரிக்காவின் தானியங்கித் தீர்வகக் கோப்பில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். அங்கு ஒவ்வொரு வரியும் 94 எழுத்து. தொகைகளோடு, வரிகளிலுள்ள வங்கி எண்களின் முதல் எட்டு இலக்கங்களையும் கூட்டி ஒரு மொத்தம் எழுத வேண்டும். வங்கி எண்களைக் கூட்டினால் கிடைக்கும் மொத்தத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. ஆனால் வழியில் ஏதாவது ஒரு வங்கி எண் மாறினால் அந்தப் பொருளற்ற மொத்தம் மாறிவிடும். கணக்காளர்கள் கையாளும் தந்திரம் இது.

சரிபார்ப்பு இலக்கம்

எண்ணுக்குள்ளேயே ஒரு காவலாளியை வைப்பதுதான் சரிபார்ப்பு இலக்கம். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இன்றும் வங்கி அட்டை எண்களில் உள்ளது. மாணவர்கள் ஒரு தாளில் செய்து பார்க்கலாம். 274 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டியுங்கள். 4 இரட்டித்தால் 8. 7 அப்படியே. 2 இரட்டித்தால் 4. மொத்தம் 19. அடுத்த பத்தின் மடங்கான 20ஐ அடைய 1 தேவை. அந்த 1ஐக் கடைசியில் சேர்த்தால் 2741. இப்போது யாரோ அவசரத்தில் 2471 என்று தட்டிவிடுகிறார். 7 இரட்டித்தால் 14, இலக்கங்களைக் கூட்டினால் 5. 4 அப்படியே. 2 இரட்டித்தால் 4. மொத்தம் 13. காவலாளி 7 ஆக இருக்க வேண்டும், இருப்பதோ 1. பிழை பிடிபட்டது.

லூன் முறைக்கு ஒரு ஓட்டை உண்டு. 09 என்பது 90 ஆக இடம் மாறினால் அதற்குத் தெரியாது. நெதர்லாந்துக் கணிதவியலாளர் ஜாகோபஸ் வெர்ஹோஃப் 1969இல் வெளியிட்ட முறையில் அந்த ஓட்டையும் இல்லை. ஓரிலக்கப் பிழைகளையும் அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறுவதையும் அது முழுமையாகப் பிடிக்கும். நம் ஆதாரின் 12ஆவது இலக்கம் வெர்ஹோஃப் முறையில் கணக்கிடப்பட்டது. ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் வழங்கும் பன்னாட்டு வங்கிக் கணக்கு எண்ணில், 97ஆல் வகுத்து மீதி பார்க்கும் இரண்டு சரிபார்ப்பு இலக்கங்கள் உள்ளன.

இந்திய வங்கிக் கணக்கு எண்களுக்கு இப்படி எல்லா வங்கிக்கும் பொதுவான சரிபார்ப்பு இலக்கம் இல்லை. எத்தனை நல்ல மென்பொருளானாலும், 11 இலக்க எண்ணில் ஏழாவது இலக்கம் 3க்குப் பதில் 8 என்று இருந்தால் அதனால் அறிய முடியாது. அந்த எண்ணில் வேறொருவருக்குக் கணக்கு இருந்தால் பணம் அவரிடம் போய்விடும்.

எண் சரி, ஆள் வேறு

பெயரும் சேர்த்துத்தானே அனுப்புகிறோம், வங்கி அதைப் பார்க்காதா என்று கேட்கலாம். பல ஆண்டுகளாகப் பார்க்கவில்லை என்பதே பதில். 2010 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, மின்னணு முறையில் வரும் பணத்தைக் கணக்கு எண்ணை மட்டும் கொண்டே வரவு வைக்கலாம். சரியான எண்ணைத் தரும் பொறுப்பு அனுப்புபவருடையது. லட்சக்கணக்கான வரிகளில் பெயரைக் கண்ணால் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் வேலை நகராது என்ற நடைமுறைக் காரணம் அதற்கு உண்டு.

நம் ஊர்ப் பெயர்களை நினைத்தால் அந்தச் சிரமம் புரியும். முன்னெழுத்தைப் பெயருக்கு முன்னும் போடுவோம், பின்னும் போடுவோம். வங்கியில் முன்னெழுத்து விரிந்து தந்தை பெயராக இருக்கும். ஆதாரில் முன்னெழுத்தே இருக்காது. லட்சுமி என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! பள்ளியில் உதவித்தொகைப் பட்டியல் தயாரித்தவர்கள் எல்லாரும் இதில் அனுபவசாலிகள். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும் என்று மென்பொருளில் விதி வைத்தால் பாதிப் பேருக்குப் பணம் போகாது. ஓரளவு ஒத்தால் போதும் என்று தளர்த்தினால், எவ்வளவு ஒத்தால் அதே ஆள் என்று யாராவது ஒருவர் முடிவு செய்ய வேண்டும்.

நிலைமை அண்மையில்தான் மாறத் தொடங்கியது. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியாகப் பணம் அனுப்பும் முன், பெறுபவரின் பெயரை அவருடைய வங்கியிலிருந்தே பெற்று அனுப்புபவருக்குக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் ஏற்படுத்தும்படி ரிசர்வ் வங்கி 2024 டிசம்பர் 30 அன்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. பெயரைப் பார்த்துவிட்டு அனுப்பலாமா என்று முடிவு செய்வது அனுப்புபவரே.

அதற்கு முன்பிருந்தே நிறுவனங்கள் கையாளும் வழி ஒன்று உண்டு. பெரிய தொகைக்கு முன் ஒரு ரூபாயை அனுப்பிப் பார்ப்பது. உடனடிப் பணமாற்றான ஐஎம்பிஎஸ் வழியே அனுப்பினால் கணக்குக்குரியவரின் பெயரும் பதிலில் வரும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டபோது, மாதம் 1,000 ரூபாய் பெற வேண்டியவர்கள் ஒரு கோடிக்கும் மேல். தொடக்க விழாவுக்கு முன் கணக்குகளுக்கு ஒரு ரூபாய் அனுப்பிச் சோதித்த செய்தி நாளிதழ்களில் வந்தது. ஒரு ரூபாய் வந்ததற்கான குறுஞ்செய்தியைக் கண்டு குழம்பிய பெண்கள் உண்டு. அந்த ஒரு ரூபாய், கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்த்த தட்டு.

மத்திய அரசின் பொது நிதி மேலாண்மை அமைப்பு பயனாளிகளின் கணக்கு விவரங்களை வங்கிக்கு அனுப்பி ஒப்புதல் பெற்ற பிறகே பட்டுவாடாவுக்கு விடுகிறது. வேறொரு வழி, கணக்கு எண்ணையே விட்டுவிட்டு ஆதார் எண்ணுக்குப் பணம் அனுப்புவது. என்பிசிஐயின் பட்டியலில் அந்த ஆதாரோடு எந்த வங்கி இணைந்திருக்கிறதோ அங்கே பணம் போகும். ஆதாரில் சரிபார்ப்பு இலக்கம் இருப்பதால் தட்டச்சுப் பிழை குறைகிறது. ஆனால் பிழை வேறு வாசலால் வரலாம். ஏர்டெல் பேமெண்ட்ஸ் வங்கியில் தங்களுக்குத் தெரியாமலேயே தொடங்கப்பட்ட கணக்குகளுக்குத் தங்கள் எரிவாயு மானியம் போய்விட்டதாக 2017இல் பலர் புகார் செய்தனர். அவ்வாண்டு டிசம்பரில் ஆதார் ஆணையம் அந்நிறுவனத்தின் மின்னணு அடையாளச் சரிபார்ப்பு உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. அந்தக் கோப்புகளை எந்த மென்பொருளில் இட்டுப் பார்த்தாலும் பிழை இல்லை என்றே சொல்லியிருக்கும்.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 2016 பிப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியின் கணினிக்குள் புகுந்தவர்கள் நியூயார்க்கிலுள்ள அதன் கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டாலரை எடுக்கப் பணமாற்றுச் செய்திகளை அனுப்பினார்கள். 8.1 கோடி டாலர் பிலிப்பைன்சுக்குப் போய்விட்டது. இலங்கையிலுள்ள ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு அனுப்பிய 2 கோடி டாலர் தப்பியது. அறக்கட்டளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ஃபவுண்டேஷனை ஃபேண்டேஷன் என்று எழுதியிருந்தார்கள். வழியிலிருந்த வங்கிக்கு ஐயம் வந்து விளக்கம் கேட்டது. கணினி ஏற்கும் அமைப்பில் வந்த செய்தியை ஒரு எழுத்துப்பிழை காட்டிக்கொடுத்தது.

வடிவ மாற்றம்

வங்கிக்கு வங்கி வேறுபடும் அமைப்புகளுக்குத் தீர்வாக வந்தது ஐஎஸ்ஓ 20022 என்ற பன்னாட்டுத் தரம். இதில் செய்திகள் எக்ஸ்எம்எல் வடிவில் இருக்கும். நிறுவனம் வங்கிக்கு அனுப்பும் பட்டுவாடா ஆணைக்குப் பெயின்.001 என்று பெயர். பேமெண்ட் இனிஷியேஷன் என்பதன் சுருக்கம் அது, ஆங்கிலத்தில் வலி என்ற பொருளும் தருவது தற்செயல்தான். இந்தியாவின் ஆர்டிஜிஎஸ் 2013 அக்டோபர் 19 முதல் இந்தத் தரத்தில் இயங்குகிறது. நாடுகளுக்கிடையேயான ஸ்விஃப்ட் பணமாற்றுச் செய்திகள் 2023 மார்ச்சில் மாறத் தொடங்கின. பழையதும் புதியதும் சேர்ந்து ஓடிய காலம் 2025 நவம்பரில் முடிந்தது. அந்த இடைக்காலத்தில் மாற்று மென்பொருள்களுக்கு உலகமெங்கும் நல்ல கிராக்கி.

மாற்றும்போது தகவல் தொலையக்கூடும். புதிய அமைப்பில் கதவு எண், தெரு, ஊர் எல்லாம் தனித்தனிக் கட்டங்கள். பழைய அமைப்பில் எல்லாம் சேர்ந்த சில வரிகள். புதியதைப் பழையதாக்கினால் வால் நறுக்கப்படும். பழையதைப் புதியதாக்கினால் மாங்காடு என்பது தெருவா ஊரா என்று நிரல் ஊகிக்க வேண்டும். நல்ல மாற்று மென்பொருள் எதை நறுக்கியது, எதை ஊகித்தது என்று ஓர் அறிக்கை தரும். அந்த அறிக்கை தராத மென்பொருளை வாங்காமலிருப்பது நல்லது என்பது என் கருத்து.

சரிபார்த்த கோப்பு வங்கிக்குப் போகும் வழியும் கவலைக்குரியது. காற்புள்ளிக் கோப்பைச் சாதாரண எழுத்துச் செயலியில் திறந்து ஒரு கணக்கு எண்ணை மாற்றிவிட்டு மூடுவதற்கு அரை நிமிடம் போதும். மொத்தத் தொகை மாறாது, வரிகளின் எண்ணிக்கையும் மாறாது. ஆகவே சரிபார்ப்பு முடிந்ததும் கோப்பின் எஸ்எச்ஏ-256 போன்ற சுருக்க மதிப்பைக் கணக்கிட்டு வைப்பதும், மின்னொப்பம் இடுவதும், தயாரிப்பவர் ஒருவரும் ஒப்புதல் தருபவர் வேறொருவருமாக இருப்பதும் நடைமுறை. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் சுருக்க மதிப்பு அடியோடு மாறிவிடும்.

ஒரே கோப்பு இருமுறை போவதும் உண்டு. 2021 கிறிஸ்துமஸ் நாளில் பிரிட்டனின் சான்டாண்டர் வங்கி, சுமார் 2,000 நிறுவனக் கணக்குகளிலிருந்து போக வேண்டிய ஏறத்தாழ 75,000 பட்டுவாடாக்களை இரண்டாம் முறையும் அனுப்பிவிட்டது. தொகை 13 கோடி பவுண்டு. பணம் பெற்றவர்களில் பலருக்கு வேறு வங்கிகளில் கணக்கு இருந்ததால் திரும்பப் பெறுவது எளிதாக இல்லை. ஒவ்வொரு கோப்புக்கும் தனி எண் கொடுத்து, அந்த எண் ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இதற்காகத்தான்.

திரும்பி வரும் கோப்பு

அனுப்பிய கோப்புக்கு வங்கியிடமிருந்து ஒரு பதில் கோப்பு வரும். ஒவ்வொரு வரிக்கும் வரவானதா, திரும்பியதா, திரும்பினால் ஏன் என்ற காரணம் அதில் இருக்கும். கணக்கு மூடப்பட்டது, அப்படி ஓர் எண் இல்லை, செயலற்ற கணக்கு என்பவை வழக்கமான காரணங்கள். நெஃப்டில் வரவு வைக்க முடியாத பணத்தை, அந்தத் தொகுதி தீர்ந்த இரண்டு மணி நேரத்துக்குள் பெறும் வங்கி திருப்ப வேண்டும். தாமதமானால் ரெப்போ விகிதத்தோடு 2 சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும்.

பல அலுவலகங்களில் இந்தப் பதில் கோப்பைத் திறப்பவர் இல்லை. 200 வரி அனுப்பினோம், பற்று வைத்துவிட்டார்கள், வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். திரும்பிய நான்கு வரிக்குரிய பணம் நிறுவனக் கணக்கிலேயே கிடக்கும். அந்த நால்வர் நேரில் வந்து கேட்கும்வரை யாருக்கும் தெரியாது. ஊருக்குப் போய்விட்ட தொழிலாளியானால் கேட்கவும் மாட்டார். பதில் கோப்பை அனுப்பிய கோப்போடு வரிக்கு வரி பொருத்தி, பொருந்தாதவற்றை மட்டும் தனியே எடுத்துக் காட்டும் நிரல் எழுதுவது கடினமன்று. பள்ளி இறுதி வகுப்பில் பைத்தான் படிக்கும் மாணவரே எழுதிவிடலாம்.

வேறொருவர் கணக்கில் வரவாகிவிட்ட பணம் இந்தப் பதில் கோப்பில் வெற்றி என்றே இருக்கும். அதை மீட்க அனுப்பியவர் தன் வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வங்கி பெற்றவரின் வங்கியைக் கேட்கும், அந்த வங்கி பெற்றவரைக் கேட்கும். தவறுதலாக வந்த பணத்தைப் பெற்றவர் திருப்பித் தரக் கடமைப்பட்டவர் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 72ஆம் பிரிவில் சொல்கிறது. அவர் மறுத்தால் வழக்குத் தொடர வேண்டும். 12,500 ரூபாய்ச் சம்பளத்துக்கு யார் வழக்காடுவார்? புதிய ஆள் சேரும்போது வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தையோ குறுக்குக் கோடிட்ட காசோலைத் தாளையோ வாங்கி வைத்துக்கொண்டு, எண்ணை இருவர் தனித்தனியே தட்டி ஒப்பிட்டு, முதல் மாதத்துக்கு முன் ஒரு ரூபாய் அனுப்பிப் பெயரைப் பார்த்துவிடும் கணக்கர்கள் அதனால்தான் இன்னும் அப்படியே செய்கிறார்கள்.